ஆரோக்கியமேரி என்கிற முத்துத்தாய்

அவள் செத்துப்போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தன் மனைவியைப் பார்த்தார் சோணை. பாலும் பிஸ்கட்டும் வாங்கிப்போகலாம் என்று காலை ஏழு மணிக்கு முன்பே சைக்கிளை மிதித்து வந்தவர், ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் முத்துத்தாய், மஞ்சள் சேலையில், யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள் மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒரு சிலுவை. படத்துக்குக் கீழே, ‘ஆரோக்கியமேரி (எ) முத்துத்தாய், இயேசுவில் துயில்கொண்டார்’. பசை இன்னும் காயவில்லை.

மதுரைப் பக்கம் செத்தவர்களைச் சுவரில் ஒட்டுவது புதிதில்லை. காதுகுத்துக்கும் போஸ்டர், கருமாதிக்கும் போஸ்டர். போஸ்டர் இல்லாத சாவைச் சாவாகவே மதிக்காத மாவட்டம் இது. ஆனால் சோணை யாரையும் போஸ்டர் அடிக்கச் சொல்லவில்லை. அடிக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தார்.

முதலில் அவருக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, ஆதார், பெரியாஸ்பத்திரிச் சீட்டு, கடைசியில் இறப்புச் சான்றிதழ் வரைக்கும் அவள் முத்துத்தாய்தான். ஆரோக்கியமேரி என்ற பெயர் சர்ச்சில் ஒரு தடித்த பதிவேட்டிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பெண்களின் வாயிலும் மட்டுமே இருந்தது. முப்பது வருஷத்தில் இன்றுதான் அது அச்சேறி, நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. அவள் இருந்து பார்த்திருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பாள் என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் இன்று வியாழக்கிழமை என்பது உறைத்தது. பதினொரு மணிக்கு வருவாய்த் துறையிலிருந்து ஆர்.ஐ. அம்மா வீட்டுக்கு வருகிறார். இது இந்து வீடா, கிறிஸ்தவ வீடா என்று விசாரிப்பதற்கு.

சோணைக்கும் முத்துத்தாய்க்கும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. ஒரே மகள் சத்யப்ரியா. மதுரையில் பி.காம். முடித்துவிட்டு, குரூப் ஃபோர் பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதி, எஸ்.சி. ஒதுக்கீட்டில் தேறிவிட்டாள். வேலை உத்தரவு கைக்கு வரவேண்டிய நேரத்தில் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், இந்தப் பெண்ணின் சாதிச் சான்றிதழ் பொய், ரத்து செய்து தகுதியுள்ளவருக்கு வேலையைக் கொடுங்கள் என்று. எழுதியவர் யாரென்று காலனியில் எல்லோருக்கும் ஓர் ஊகம் இருந்தது. பட்டியலில் சத்யப்ரியாவுக்கு அடுத்து நின்ற பிள்ளைக்கும் ஓட்டு வீடுதான், கூலிக்காரக் குடும்பம்தான். அவர்களைத் திட்டுவதற்கும் சோணைக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1950-இல் போட்ட ஓர் ஆணை இருக்கிறது. அதன்படி இந்துவாக இருந்தால்தான் ஒருவர் பட்டியல் சாதி. பின்னால் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், அதற்கும் பின்னால் புத்த மதத்தவர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. நம்முடையது மதச்சார்பற்ற நாடு. யாரும் எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடலாம், ஒருவரும் தடுக்க முடியாது. கும்பிட்டால் என்னென்ன போய்விடும் என்பதை மட்டும் வேறொரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஞானஸ்நானம் எடுத்த அன்றே சாதி போய்விடுகிறது என்பது அந்தத் தாளின் கணக்கு. டீக்கடையில் முத்துத்தாய்க்கு மட்டும் தனி டம்ளரை எடுத்தவர் ஒருநாளும் அவளுடைய ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டதில்லை. அதைவிடக் கொடுமை, சர்ச்சின் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் ஓடுகிறது. காலனிக்காரர்கள் செத்தால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம். அங்கே போகாத சாதி தாசில்தார் ஆபீஸில் மட்டும் எப்படிப் போகும் என்று சோணை ஒருமுறை சர்ச் சாமியாரிடமே கேட்டார். சாமியார் தலைகுனிந்துகொண்டார்.

முத்துத்தாய் பிறந்தது மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டில். கல்யாணமாகி, மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயதில் வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு அலைந்த இடங்களிலெல்லாம் எட்ட நிறுத்தித்தான் பார்த்தார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன மருந்தகத்தில் வயதான சிஸ்டர் ஒருவர், வாயில் நுரையும் துணியில் மலமுமாகக் கிடந்த பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். பிள்ளை பிழைக்கவில்லை. அந்தோணி என்று பெயர் சூட்டிய பிறகு மூன்று வயதில் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் புதைத்தார்கள். ஆனால் முத்துத்தாய் அந்தச் சர்ச்சை விட்டுத் திரும்பி வரவில்லை. ஏன் வேதத்தில் சேர்ந்தாய் என்று கேட்பவர்களிடம், “எம்புள்ளையத் தொட்ட கை அது” என்பாள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தெரியாது.

சோணை அவள் பின்னாலேயே போனவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பார், பிரசங்கத்தில் கண்ணசந்துவிடுவார். அந்தோணிக்குப் பிறகு பத்து வருஷம் கழித்துப் பிறந்த சத்யப்ரியாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, தலைமையாசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், இந்து என்றே போட்டுவிடுங்கள், பிள்ளை மேலே படிக்க வேண்டாமா என்று. போட்டார்கள். காலனியில் பாதி வீடுகளில் இப்படித்தான், பீரோவுக்குள் ஒரு பெயர், ஜெபமாலையோடு ஒரு பெயர். ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

போன தை மாதம் முத்துத்தாய்க்குக் கர்ப்பப்பையில் புற்று என்று சொன்னார்கள். சிகிச்சைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள், “என்னைய அந்தோணி பக்கத்துல வச்சிருங்க. வேற ஒண்ணும் வேணாம்.” சோணை கோபப்பட்டு, வாயை மூடு என்றார். அதற்கப்புறம் ஒரு மாதத்தில் மொட்டைக் கடிதத்தின் நகல் வந்தது, விசாரணைக்கு வருவோம் என்ற நோட்டீஸும் கூடவே வந்தது. சத்யப்ரியா அதைப் படித்துச் சொல்லும்போது முத்துத்தாய் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். அன்று சாயங்காலம், சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றித் தன் கல்யாணச் சேலையில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைக்கச் சொன்னாள். படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒரு முருகன் காலண்டரை மாட்டினார்கள்.

அந்தோணி பக்கத்தில் வைக்கச் சொல்லி அவள் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் சோணையின் நெஞ்சை அறுத்தது.

அவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனாள். சோணை நேராகச் சாமியாரிடம் ஓடினார். எங்கே வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் அவர். யார் வந்து கேட்டாலும் பதிவேட்டைக் காட்டமாட்டேன் என்றும், அவளை எங்கே வைத்தாலும் கடவுளுக்கு வழி தெரியும் என்றும் சொன்னார். கடவுளுக்கு வழி தெரிந்து என்ன செய்ய, பிள்ளை பக்கத்தில் கிடக்க ஆசைப்பட்டவளுக்கு யார் பதில் சொல்வது என்று சோணைக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வந்து, காலனி மயானத்தில் குழி வெட்டச் சொன்னார்.

இந்து முறைப்படி எல்லாம் நடந்தது. சங்கு ஊதினார்கள், நீர்மாலை எடுத்தார்கள். பங்காளி ஒருவர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். தினமும் எழுந்ததும் அவள் சிலுவை போட்டுக்கொள்கிற நெற்றி அது. சோணை பூசும்போது மூக்கில் கொட்டிவிட்டது, சத்யப்ரியா தாவணி நுனியால் துடைத்துவிட்டாள். அடுத்த வீட்டு முருகம்மாள் பழக்க தோஷத்தில் மாதா பாட்டை எடுத்துவிட்டாள், பாதி வரியில் சோணையின் முகத்தைப் பார்த்து நிறுத்தி, ஒப்பாரிக்கு மாறிக்கொண்டாள். சாமியார் அங்கியில்லாமல் கட்டம் போட்ட சட்டையில் வந்து, தூரத்துச் சொந்தக்காரரைப் போலத் தலைமாட்டில் நின்று உதட்டை அசைத்துவிட்டுப் போனார்.

புதைத்துவிட்டு வந்து, குளித்த ஈரத்தோடு சோணை மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஆபீசருக வந்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. உங்காத்தாள இல்லைனு சொல்ற வேலைய நான் பாத்துக்கிறேன். அந்தப் பாவம் எந்தலையோட போகட்டும். ஒங்கையில பட்டுறக் கூடாது, சொல்லிப்புட்டேன்.”

சத்யப்ரியா தலையாட்டினாள். மனைவியின் கடைசி ஆசையைக் கைவிட்ட மனிதருக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வைராக்கியம்தான். வேலையும் கிடைக்க வேண்டும், மகளும் அழுக்காகாமல் வெளியே வர வேண்டும்.

இப்போது போஸ்டர் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. யார் வேலை என்று சோணை யோசிக்கவே வேண்டியதில்லை. முத்துத்தாயின் தம்பி மகன் ராம்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் டிசைன் போடுகிறவன். வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவன், சர்ச் வாசலை மிதித்தறியாதவன். அம்மாவைச் சின்னதிலேயே பறிகொடுத்த அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தது அத்தைதான். அச்சக வாசலில் பசை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தூங்காத கண்.

“எம்புட்டு ஒட்டுன மாப்ள?”

“அம்பது, மாமா. ரயில்வே கேட்டு வரைக்கும்.” போஸ்டர் வேண்டாமென்று மாமா கும்பிட்டது செலவுக்குப் பயந்துதான் என்று நினைத்திருந்தவன், இப்போது பாராட்டப்போகிறார் என்று பார்த்தான் பாவம்.

இன்றைக்கு என்ன கிழமை, யார் வருகிறார்கள் என்று சோணை சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. வீட்டைத்தான் பார்க்க வருவார்கள், சுவரைப் பார்ப்பார்களென்று தனக்குத் தோன்றவே இல்லை என்றான். பதினாறாம் நாளுக்குள் ஒட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் தேதியை மறந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு பசை வாளியைப் பார்த்தபடி கேட்டான்.

“அத்தை பேரு அதுதான மாமா? நான் பொய்யாவா போட்டுட்டேன்?”

அவனை ஓர் அறை அறையலாம் என்று வந்த சோணை, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ரயில்வே கேட் பக்கத்தை அவனிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுச் சுவர்களைத் தாமே எடுத்துக்கொண்டார்.

ஈரப் பசையாக இருந்ததால் முதல் இரண்டு போஸ்டர்கள் முழுசாக உரிந்து வந்தன. பிறகு வெயில் ஏற ஏறத் தாள் இறுகிவிட்டது. நகத்தால் சுரண்டினார், வாளித் தண்ணீரை அடித்துத் தேய்த்தார். சிலுவை போயிற்று, பெயர் போயிற்று. முகத்தில் மட்டும் கை வைக்க முடியாமல் ஓரங்களையே சுரண்டிக்கொண்டிருந்தார். எட்டு மணி பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கமிஷன் கடைக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்த ஒருவர் அவரைத் தெரிந்தவர், சொந்தப் பெண்டாட்டி போஸ்டரை ஏனப்பா கிழிக்கிறாய் என்று கேட்டார். “பேரத் தப்பா அடிச்சுட்டாங்கண்ணே” என்றார் சோணை. சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் முகத்தைக் கையால் வழித்து எடுத்தார்.

ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தார். சத்யப்ரியா அப்போதுதான் வெளியிலிருந்து வந்தவளைப் போலக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நகத்தில் மண் இருந்தது. சோணை கவனிக்கிற நிலையில் இல்லை. போஸ்டர் விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, அவர் விரல்களில் ஒட்டியிருந்த பசையைக் கழுவிவிட்டாள்.

ஆர்.ஐ. அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார், கூடவே வி.ஏ.ஓ. நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. முத்துத்தாய் இறந்ததற்கு முதலில் துக்கம் கேட்டார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இப்படிப்பட்டவர்கள் வந்தால் கோபப்படக்கூட வழியில்லை. முருகன் காலண்டரைப் பார்த்தார், அதன் ஓரங்களில் எட்டிப் பார்த்த வெளுப்பையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துச் சாட்சியாக முருகம்மாளைக் கூப்பிட்டார்கள். முத்துத்தாய் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறாள் என்று முருகம்மாள் அடித்துச் சொல்லி, கைநாட்டு வைத்தாள். கூழ் ஊற்றியது உண்மை, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சோணை மூச்சு விடும்போது ஆர்.ஐ. தன் போனை எடுத்து நீட்டினார். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் முத்துத்தாய், சிலுவையோடு, பெயரோடு. காலை ஏழு மணிக்கெல்லாம் யாரோ படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்தவ முறைப்படிதான் புதைத்தார்கள் என்று கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள்.

ஆர்.ஐ. சோணையைப் பார்க்கவில்லை. சத்யப்ரியாவைப் பார்த்துக் கேட்டார், “நீ சொல்லும்மா. இந்தப் பேரு உங்க அம்மாவுக்கு உண்டா?”

சத்யப்ரியாவின் உதடு பிரிந்தது. அதற்குள் சோணை இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எங்கிட்டக் கேளுங்க. அப்பிடி ஒரு பேரு எம் பொண்டாட்டிக்குக் கெடையாது. அச்சாபீஸ்காரப் பய வேற யாருக்கோ அடிச்சதுல இவ போட்டோவ மாத்தி வச்சுட்டான்.”

பொய் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆர்.ஐ. பெருமூச்சு விட்டார். நான் உங்களுக்கு எதிரி இல்லை, ஆனால் நான் எழுதுவதை மேலே நாலு பேர் படிப்பார்கள், அதனால் இதை நீங்கள் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். வி.ஏ.ஓ. வாசகத்தைச் சொல்லச் சொல்ல, ஐந்தாவது வரை படித்த சோணை எழுத்துக் கூட்டி எழுதினார். மேற்படி சுவரொட்டியில் கண்ட பெயரும் குறியும் என் மனைவிக்கு உரியவை அல்ல. அவர் ஒருபோதும் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியதில்லை. இந்துவாகவே வாழ்ந்து, இந்துவாகவே இறந்தார். ‘இறந்தார்’ என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் கொடுத்தார்கள். முதலிலிருந்து மறுபடியும் எழுதினார்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. நரகம் இருந்தால் தனக்குத்தான். மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“அம்மாவ எங்க வச்சிருக்கீங்க? அங்க ஒரு போட்டோ எடுத்துட்டா முடிஞ்சது. அதையும் சேத்துல்ல எழுதிப் போட்டிருக்காங்க” என்றார் ஆர்.ஐ.

அதில் என்ன பயம்? காலனி மயானம்தானே. சோணை தைரியமாக முன்னால் நடந்தார். கண்மாய்க் கரையைத் தாண்டினால் கருவேலங்காட்டுக்கு நடுவில் மயானம். பின்னால் வந்த சத்யப்ரியாவின் நடை தயங்கித் தயங்கி வந்தது, துக்கத்தில் நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மேட்டில் காய்ந்த மாலை கிடந்தது. தலைமாட்டில் இரண்டு கருவேலங்குச்சிகளைக் குறுக்கே வைத்து, நீல ரிப்பனால் கட்டி, நட்டிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது, காலையில் நட்டது. அந்த ரிப்பன் யாருடையது என்று சோணைக்குத் தெரியும். அவர் பஸ் ஸ்டாண்டில் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் இங்கே உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறாள். மயானத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

வி.ஏ.ஓ. தொண்டையைச் செருமினார். ஆர்.ஐ. குச்சிகளைப் பார்த்தார், சத்யப்ரியாவைப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

“நான் கண்மாயப் பாத்துட்டு நிக்கிறேன்” என்றார். “ரெண்டு நிமிஷத்துல திரும்புவேன். அப்ப என்ன இருக்கோ அதத்தான் போட்டோ எடுப்பேன்.”

சொன்னபடியே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வி.ஏ.ஓ.வும் திரும்பிக்கொண்டார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை நினைத்தால்தான் இன்றைக்கும் சோணைக்கு வயிறு எரிகிறது. எழுதிக்கொண்டு போயிருந்தால் சட்டத்தைத் திட்டிவிட்டு அழுதிருக்கலாம்.

சோணை குனிந்தார். ஒரு பொய் சொன்னவருக்கு இதுவும் ஒரு வேலையா? பிடுங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது. கையை நீட்டினார். அந்தக் கையைச் சத்யப்ரியா பிடித்துக்கொண்டாள்.

“இருங்கப்பா. நான் வச்சது. நானே எடுத்துக்கிறேன்.”

“வேணாம் தாயி. நீ தொடாத” என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவள் கேட்கவில்லை. அம்மாவின் தலைமாட்டில் முட்டி போட்டாள். ஆழமாக நட்டிருப்பாள் போல, ஒரு கையால் வரவில்லை. இரண்டு கையாலும் அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். பிறகு ரிப்பனை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் அவை வெறும் குச்சிகளாகிவிட்டன. அவற்றைக் கரையோரம் கிடந்த மற்றக் குச்சிகளோடு போட்டாள். குழியில் மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள், அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்பதுபோல ஆகும்வரை. அழவில்லை. காலையில் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தது இதற்காகவா என்று நினைத்தார் சோணை. மகள் வாயில் வரக்கூடாது என்று அவர் காத்ததை, வாயே திறக்காமல் அவள் செய்து முடித்துவிட்டாள்.

ஆர்.ஐ. திரும்பினார். பெண்ணும் பக்கத்தில் நின்றால் படம் தெளிவாக இருக்கும் என்றார். சத்யப்ரியா மண் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு படம் எடுத்தார்கள். எதுவும் பிரச்சினை வராது, சீக்கிரம் உத்தரவு வந்துவிடும் என்று சொல்லி, சத்யப்ரியாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வண்டிச் சத்தம் கண்மாய்க் கரையில் தேய்ந்து மறையும்வரை அப்பாவும் மகளும் அசையவில்லை. அப்புறம் சோணை போய், குவியலில் தேடி, அந்த இரண்டு குச்சிகளையும் எடுத்து வந்தார். ரிப்பனைக் கேட்டுக் கையை நீட்டினார்.

“அவுகதான் போயிட்டாகளே தாயி. திரும்ப நட்டுருவோம். யாரு பாக்கப் போறா?”

“வேணாம்ப்பா” என்றாள் சத்யப்ரியா. “எனக்கு இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

சோணைக்கு வயது ஐம்பத்தெட்டு. அதுவரை அவர் இருக்கப்போவதில்லை. குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்து, சங்கு ஊதிய அன்று அழாத அழுகையை எல்லாம் அழுதார். சத்யப்ரியா கொஞ்சம் தள்ளி நின்று, யாராவது வருகிறார்களா என்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.